மூன்று சக்கரத்துக்கும் மூன்று அளவு

மூன்று சக்கரத்துக்கும் ஒரே அளவு காற்று அடிக்கிறவன் கையில் நான் என் ஆட்டைக்கூட ஒப்படைக்க மாட்டேன். இதைச் சொன்னால் கடைத்தெருவில் சிரிப்பார்கள். ஆனாலும் இருபத்தாறு வருஷமாக நாரின் ஊருக்குப் போகிற சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறவள் நான். தொட்டில் வண்டி வைத்திருக்கிற ஆண்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். நீங்கள் பிஷ்கேக்கில் படித்தவர், தம்பி, கார் ஓட்டுகிறவர். அதனால் முதலில் இதைப் புரியவைத்துவிடுகிறேன். மற்றதை எழுதுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

மோட்டார் சைக்கிளின் வலப்பக்கம், ஒற்றைச் சக்கரத்தோடு ஆள் உட்காருகிற தொட்டிலைப் பூட்டியதும் அதன் குணம் மாறிவிடும். வளைவில் சாயாது. முக்காலியைத் தள்ளுகிற மாதிரி நிமிர்ந்தே திரும்பும். முதுகு உருண்ட டயரைப் போட்டால் நடுவில் மட்டும் ஆறு மாதத்தில் மொழுக்கென்று தேய்ந்துபோகும். தட்டை முதுகாகப் பார்த்து எடுக்க வேண்டும். பின் சக்கரம் சுமக்கிறது, தள்ளுகிறது. அதற்குப் பெரிய பற்கள் உள்ள டயர், காற்று அழுத்தமானியில் இரண்டரை. தொட்டில் சக்கரம் சும்மா கூட வருகிறது. பாதி தேய்ந்த பழைய டயர் அதற்குப் போதும். காலித் தொட்டிலுக்கு ஒன்றரை, ஆள் உட்கார்ந்தால் ஒன்று எண்பது. முன் சக்கரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டியைத் திருப்புவது அது, இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதிலும் பெரும்பங்கு அதற்குத்தான். இரண்டுக்குக் குறையவே கூடாது.

மேய்ச்சல் மலைக்கு ஏறுகிற பாதை வேறு. கல்லும் சரளையும். அங்கே காற்றைக் குறைத்துக்கொண்டால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும், தோள்பட்டை பிழைக்கும். ஏறும்போது குறைக்க வேண்டும், இறங்குவதற்கு முன் கூட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான்.

என் கணவர் பெயர் எசென். இந்தக் காவல் நிலைய அலமாரியில் அவர் கோப்பு இருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன் குடித்துவிட்டுத் தொட்டில் வண்டி ஓட்டினார், தபால்காரரின் மகள் சாய்ராவை இடித்துக் கொன்றார், தானும் செத்தார் என்று எழுதியிருக்கும். கூட வந்த குபாத் கையும் தோளும் முறிந்து பிழைத்தான். வண்டி குபாத்துடையது. ஆனால் எசென்தான் ஓட்டினான், நான் தொட்டிலில் தூங்கிக்கொண்டு வந்தேன் என்று அவன் சொன்னான். எசென் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை.

இருவரும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். எசென் எட்டு மாதம் மூத்தவர், அதனால் நான் குபாத்துக்கு மதினி. எசெனைக் கிடத்தியிருந்த கூடாரம் கண்ணில் பட்டதும் வருகிற ஆண்கள் வாய்விட்டு அழுதுகொண்டு வந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் பகையாளிக்குக்கூட அதைச் செய்வார்கள். எசெனுக்கு வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு வந்தார்கள். குபாத் ஒருவன்தான் அழுதான், கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.

சாய்ராவின் தாய் சனிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தைக்குப் போகும் வழியில் என் கடை முன்னால் நிற்பாள். ஒரு முறை துப்புவாள், போய்விடுவாள். எனக்கு அவள்மேல் கோபம் கிடையாது. மகளை இழந்தவளுக்குத் துப்ப ஓர் இடம் வேண்டும். அந்த இடம் என் வாசல் என்று காட்டிக் கொடுத்தவன் யார் என்பதை மட்டும் நான் மறக்கவில்லை.

விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து குபாத் அந்த வண்டியை லாரியில் ஏற்றி என் கடைக்கே கொண்டு வந்தான். வேறு எங்கே கொண்டு போவான்? தொட்டிலின் மூக்கு நசுங்கி உள்ளே போயிருந்தது. நெம்புகோல் போட்டு நிமிர்த்தினேன். உள்ளே எசெனின் இடதுகால் பூட்ஸ் சிக்கியிருந்தது, நாடா முடிச்சு அவிழாமல். அவரை ஒற்றை பூட்ஸோடுதான் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். ஓட்டுகிறவனின் பூட்ஸ் தொட்டில் மூக்குக்குள் போய்ச் சிக்காது. அங்கே கால் நீட்டி உட்கார்ந்தவனுடையதுதான் சிக்கும்.

அப்போது இந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அவரிடம் கொண்டு வந்து காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, விபத்துல பூட்ஸ் எங்க வேணா பறக்கும். குபாத்தும் நொந்து போய்க் கெடக்கான். வீட்டுக்குப் போங்க, தேநீர் போட்டுக் குடிங்க."

வீட்டுக்குப் போனேன். தேநீரும் போட்டுக் குடித்தேன். பிறகு யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்து வருஷமும் குபாத்தின் வண்டியை நான்தான் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பான டயர் போட்டதில்லை, காற்றில் ஒரு புள்ளி குறைத்ததில்லை. நினைத்திருந்தால் முதல் வருஷமே முடித்திருக்கலாம். ஆனால் குபாத் சாக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். செத்துப்போனால் அவனுக்கும் வாய்விட்டு அழுவார்கள். நல்ல மனுஷன் என்பார்கள். அவன் பங்கு அத்தோடு முடிந்துபோகும்.

அவன் மனைவி அனார்குல் நல்லவள். ஊரே என் வாசலைச் சுற்றிக்கொண்டு போன அந்த முதல் குளிர்காலத்தில், பட்டப்பகலில் என் கடைக்கு வந்து, நாலு பேர் பார்க்க என் ரொட்டியைப் பிய்த்துத் தின்றவள் அவள் ஒருத்திதான். பிறகு வருஷா வருஷம் மலையிலிருந்து இறங்கியதும் ஒரு பை உலர்தயிர் உருண்டை கொண்டுவருவாள். வாய் ஓயாது. சிரித்தால் தோள் குலுங்கும். எனக்கு ஊரில் சிநேகிதி என்று ஒருத்தி இருந்தால் அது அவள்தான். உங்கள் முகம் மாறுகிறது, தம்பி. தண்ணீர் வேண்டுமானால் குடித்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம் குபாத்தும் அவளும் மேய்ச்சல் மலையிலிருந்து ஒரு கல்யாணத்துக்காகக் கீழே வந்தார்கள். மறுபடி மலையேறும் அன்று காலையில் என் கடையில் வண்டியை நிறுத்தினார்கள். மூன்று டயரும் மாற்ற வேண்டும்.

"மதினி, உங்க இஷ்டம்தான்" என்றான் குபாத். "எது நல்லதோ போடுங்க. தொட்டிலுக்கு மட்டும் காத்தைக் கூட்டி அடிங்க, போன வருஷத்துக்கு இவ எட்டு கிலோ ஏறிட்டா."

"எட்டு கிலோவா? நீ என்னை ஊட்டி வளர்த்தியாக்கும்" என்றாள் அனார்குல். "அக்கா, இவன் வாயை எடை போட்டுப் பாருங்க, பின் டயர் ஏன் தேயுதுன்னு தெரியும்."

"ரெண்டு பேரும் எறங்கி நில்லுங்க, வண்டி மூச்சு விடட்டும்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போனான். அவள் என் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு டயர்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

பின்னுக்குக் கையிருப்பில் இருந்ததிலேயே நல்ல டயர், தட்டை முதுகு, ஆழமான பல். தொட்டிலுக்கு அவனுடைய பழைய பின் டயரையே மாற்றிப் போட்டேன், அதில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. முன்னுக்குப் புது டயர், புது டியூப். நீங்கள் பரிசோதித்திருப்பீர்கள், அதில் ஒரு குறையும் இராது. டயர் மட்டம் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். நான் மட்டமான டயர் விற்பதில்லை.

டயரை ரிம்மில் ஏற்றும்போது கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவுவோம். வழுக்கிக்கொண்டு உட்காரும். பிறகு துடைத்துவிட வேண்டும். அன்றைக்கு முன் சக்கரத்தில் நிறையத் தடவினேன். துடைக்கவில்லை.

"அக்கா, இந்தத் தேத்தண்ணியில டயர் வாசம் அடிக்குது" என்றாள் அவள்.

"அதுக்குத்தான் உப்பு கூடப் போட்டிருக்கேன். குடி."

குடித்தாள். பத்து நாளில் மொத்தமாக இறங்கிவிடுவதாகச் சொன்னாள். கூடாரத்தையும் ஆடுகளையும் குபாத்தின் தம்பி லாரியில் கொண்டுவருவான். "நான் லாரியில வரமாட்டேன், ஆட்டு நாத்தம் கொடலைப் புரட்டுது. தொட்டில்லதான் ராணி மாதிரி வருவேன்" என்றாள். தொட்டில் சக்கரத்துக்கு ஒன்று எண்பது அடித்தேன்.

அப்புறம் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். நிமிர்ந்து பார்த்தேன்.

"அக்கா, எறங்கி வந்ததும் அவரு உங்க வீட்டுக்கு வருவாரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். அஞ்சு வருஷமா நெஞ்சுல வச்சுப் புழுங்கிட்டுக் கெடக்காரு. நானும் ரெண்டு வருஷமா நச்சரிச்சு நச்சரிச்சு இப்பத்தான் சரின்னாரு. நீங்க கத்தினாலும் சரி, அடிச்சாலும் சரி. ஆனா கேட்டுக்கணும்."

"என்னத்தையாம்?"

"அதை அவரு வாயால சொல்லணும். நான் சொன்னா சரியா வராது."

எனக்குப் புரிந்தது. அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் என்பதும் புரிந்தது. அந்த இரண்டு வருஷத்திலும் அவள் உலர்தயிர் கொண்டுவந்தாள், சிரித்தாள், என் வாசலில் சாய்ராவின் தாய் துப்பிவிட்டுப் போன இடத்தைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

கோபப்பட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. நின்று நிதானமாக யோசித்தேன். அவன் வருவான், என் சமையலறையில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, என் ஒருத்தி காதில் போட்டுவிட்டுப் போவான். அவன் பாரம் இறங்கிவிடும். எசென் ஊருக்குக் குடிகாரனாகவே இருப்பார். சனிக்கிழமை வாசல் மறுபடி ஈரமாகும். இது போதாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம்தான் ஆனது.

முன் சக்கரத்துக்கு ஒன்று பத்து அடித்தேன்.

குபாத் திரும்பி வந்து டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். "முன்ன சப்பையா இருக்கே மதினி?"

"மேல பூராவும் கல்லு. உன் தோளு இன்னும் நல்லா கூடலைன்னு நீயே சொல்ற. மெத்துனு போகட்டும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. எந்தக் கடைக்காரரும் இதைத்தான் சொல்லியிருப்பார். இறங்கும்போது காற்றை ஏற்றிக்கொள் என்பதை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவனுக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவனிடம் பம்பு இல்லை. ஜூன் மாதமே அதைப் பழுதுபார்க்க என்னிடம் கொடுத்திருந்தான். உள்ளே தோல் வாஷர் கிழிந்திருந்தது. அதே மாதம் சரிசெய்து கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன்.

"பம்பு?" என்றான்.

"தோல் இன்னும் வரலை. புது டியூபுக்கு என்னத்துக்குப் பம்பு? எறங்கி வந்து வாங்கிக்க."

"மதினி சொன்னா சரிதான்" என்று வண்டியை உதைத்தான். அனார்குல் தொட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குப் போர்வையை இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

இனி நடந்தது உங்களுக்கே தெரியும். பத்து நாள் மேலே காற்று இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும், எந்த டியூபிலும் இறங்கும். செப்டம்பர் ஆறாம் தேதி மத்தியானம் இறங்கினார்கள். கணவாயின் இந்தப் பக்கம் தார் போட்டிருக்கிறார்கள், இறக்கம் நீளம். அவன் முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறான். காற்றுக் குறைந்த டயர், சோப்புத் தடவிய ரிம். ரிம் நிற்கப் பார்க்கும், டயர் நிற்காமல் அதன்மேல் நகரும். டயரோடு டியூபும் நகரும். வால்வு மட்டும் ரிம்மின் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும், கடைசியில் வேரோடு பிய்யும். டியூபை எடுத்துப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். ஒரே மூச்சில் காற்றெல்லாம் போய்விடும், ஹேண்டில்பார் திரும்பாது. இடப்பக்க வளைவாக இருந்தால் வண்டி நேரே வெளி விளிம்புக்குப் போகும். வெளி விளிம்பில் முதலில் இறங்குவது தொட்டில். ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கம் குதிக்க ஒரு நொடி கிடைக்கும். தொட்டிலில் போர்வைக்குள் இருப்பவளுக்குக் கிடைக்காது.

எந்த வளைவு என்று என்னால் தேர்ந்தெடுக்க முடியாது, உண்மைதான். அந்த இறக்கத்தில் பள்ளத்தின் பக்கம் வெளி விளிம்பு உள்ள வளைவுகள் பதினொன்று. எல்லாம் இடப்பக்கம் திரும்புபவை. அது எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிலில் அனார்குல் வருவாள் என்று எனக்குத் தெரியும். அவள் லாரியில் வருவதாகச் சொல்லியிருந்தால் முன் சக்கரத்துக்கு இரண்டு அடித்திருப்பேன், பம்பையும் கையில் கொடுத்திருப்பேன். அவன் கையிலிருந்த வண்டியில், அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போக வேண்டும், அவன் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எனக்கு அவன் கொடுத்ததைவிட நான் ஒரு துளியும் கூடக் கொடுக்கவில்லை.

அவள் உடலை நான்தான் மற்றப் பெண்களோடு சேர்ந்து கழுவினேன். தலையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒப்பாரி பாட என்னைத்தான் முன்னால் உட்காரவைத்தார்கள். பாடினேன். நன்றாகப் பாடினேன் என்று சொன்னார்கள். மனதில் இருந்துதான் பாடினேன், தம்பி. அவள் எனக்குச் சிநேகிதி.

குபாத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை அவனுக்கு அழுகை வரவில்லை. நான்தான் ஓட்டினேன், நான்தான் கொன்றேன் என்று உங்களிடமும் சொன்னான், வருகிறவர் போகிறவரிடமும் சொன்னான். ஊர் அவனைத் திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். பாவம் என்றார்கள். அவன் வீட்டுக்குச் சூப்பு கொடுத்தனுப்பினார்கள்.

நாற்பதாம் நாள் விருந்துக்கு மாவு பிசைய ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். விடியற்காலையிலிருந்து பணியாரம் பொரித்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, கை ஏந்தித் தொழுத பிறகு குபாத் எழுந்தான். இளைத்துப்போய் சட்டை தொங்கியது.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியும் நான்தான் ஓட்டினேன்" என்றான். "எசென் தொட்டில்ல இருந்தான். குடிச்சிருந்தது நான். சாய்ராவைக் கொன்னது நான். செத்தவன் மேல பழியைப் போட்டேன். இப்ப கடவுள் கணக்கைத் தீர்த்துட்டாரு. அனார்குல் சொல்லச் சொன்னா. அவ இருக்கும்போது சொல்லலை."

பிறகு சாய்ராவின் தாய் எழுந்து அடுப்படிக்கு வந்தாள். மாவு ஒட்டியிருந்த என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிரு புருல். என்னை மன்னிச்சிரு" என்று என் கைமேல் நெற்றியை வைத்து அழுதாள்.

"எழுந்திரு, பணியாரம் கருகுது" என்றேன்.

அன்று சாயங்காலம் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் எசெனின் சமாதிக்குப் போனார்கள். தூரத்திலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு போனது என் வீட்டு வாசல்வரை கேட்டது. நான் கேட்க நினைத்தது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. அப்படியானால் இங்கே எதற்கு வந்தாய் என்கிறீர்கள்.

இரண்டு காரணம். ஒன்று, அவன் அதைக் கடவுளின் கணக்கு என்கிறான். கடவுள் அடித்தார் என்று நினைக்கிறவனுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். ஐந்து வேளை தொழுவான், தாடி வளர்ப்பான், இரண்டு வருஷத்தில் அவனுக்கு யாராவது பெண் பார்ப்பார்கள். கடவுள் அதில் கை வைக்கவே இல்லை. நான் என் பெஞ்சில், அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு செய்தேன். அவன் மனைவி என் தேநீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது செய்தேன். அவன் சொல்ல வருகிறான் என்று தெரிந்த பிறகு செய்தேன். நீங்கள் இதை அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவசரமில்லாமல், ஒவ்வொரு அளவாக. அவன் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றால் இரண்டாம் தடவையும்.

இன்னொன்று, நீங்கள் அவன்மேல் வழக்கு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், கவனக்குறைவால் மரணம் என்று. செய்யாத குற்றம் ஒருவன் பேரில் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. அந்த மாதிரி அநியாயத்துக்கு நான் துணை போக மாட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அனார்குலைக் கொன்றது நான், புருல், எசெனின் மனைவி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? தேதிக்குப் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள், தம்பி. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நாற்பத்தொன்றாம் நாளே நானாக நடந்து வந்து உண்மையைச் சொன்னேன் என்று. குபாத்துக்கு ஐந்து வருஷம் ஆனது. நான் அவனைப் போன்றவள் இல்லை என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.